குழல் மெலியுங்கால்

மக்கள் யாக்கையில் உயிரற்ற பொருளாயிருந்தும் உயிரோடு ஒப்ப மதிக்கப்படுவது ஒன்றுண்டு. அது தலைமயிர். தோலுக்கு மேலே நாம் காணும் மயிரில் உயிர்க்கலம் ஒன்றேனும் இல்லை, குருதியோட்டம் இல்லை, வெட்டினால் நோவதும் இல்லை. நகத்துக்கும் குளம்புக்கும் ஆதாரமான கெரற்றின் என்னும் புரதமே இதற்கும் ஆதாரம். ஆயினும், சீப்பிலே நாளுக்கு நாள் திரண்டு வரும் மயிர்ச்சுருளைக் கண்டு உறக்கமிழந்தோர் எத்துணை பேர்! கால்விரல் நகமொன்று கழன்றால் அத்துணைத் துயர் எய்துவார் இலர்.

இதற்குக் காரணம் தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கூந்தல், குழல், ஓதி, கதுப்பு, அளகம், ஐம்பால் என்று பெண்டிர் மயிருக்கும், குஞ்சி, பங்கி என்று ஆடவர் மயிருக்கும் பெயர் பல வழங்கியவர் நம் முன்னோர். கார்மேகத்தையும் ஆற்றின் கருமணல் அறலையும் அவர் அதற்கு உவமையாக்கினர். மகளிர் கூந்தலின் மணம் இயற்கையோ செயற்கையோ என்னும் வினாவின் மேற் சங்கமே வழக்காடியதாகத் திருவிளையாடற் புராணம் கூறும். ஆனால், மயிர் அருகிய தலையைக் கண்டவிடத்து நம் நாவில் உடனே எழுவது வழுக்கை என்னும் ஒரு சொல்லே. அதுவும் பெரும்பாலும் நகையோடு எழுகின்றது. புகழப் பல சொல்லும் இகழ ஒரு சொல்லும் பயின்ற சமுதாயத்தில் மயிர் மெலியத் தொடங்கிய ஒருவர் நாணமுறுவது வியப்பன்று. அந்நாணத்தின் பொருட்டு அவர் மருத்துவரிடம் செல்ல வேண்டிய வேளையில் விளம்பரங்களிடம் செல்கின்றார் என்பதே வருந்தத்தக்கது. ஆதலின், மயிர் ஏன் மெலிகின்றது, எது மீளும், எது மீளாது, உள்ளதைக் கொண்டு நிறைவு காட்டும் வழி யாது என்பவற்றை ஈண்டு ஒழுங்காக நோக்குவோம்.

பேரரசரும் நாணினர்

இந்நாணம் எளியோர்க்கு மட்டும் உரியதன்று. உரோமப் பெருந்தலைவன் யூலியஸ் சீசர் தன் வழுக்கைக்காகப் பெரிதும் வருந்தினான் என்றும், பின்புறத்து மயிரை முன்னோக்கி வாரி அதனை மறைக்க முயன்றான் என்றும் அவன் வரலாற்றை எழுதிய சுவெற்றோனியஸ் கூறுவர். ஆட்சிமன்றமும் மக்களும் அளித்த சிறப்புக்கள் பலவற்றுள்ளும், எக்காலத்தும் வாகைத் தழைமுடி அணிந்துகொள்ளும் உரிமையையே அவன் மிக உவந்து ஏற்றானாம். வெற்றிக்கு அடையாளமான அத்தழை வேறொரு பணியும் செய்தது என்பது வெளிப்படை. கி. பி. 81 முதல் 96 வரை ஆண்ட தொமித்தியன் இன்னும் ஒருபடி மேலே சென்றான். பிறர் எவரையேனும் வழுக்கையர் என எள்ளினாலும் அது தன்னைக் குறித்ததென்றே கொள்வானாம். மயிரைப் பேணும் முறை பற்றி நண்பன் ஒருவனுக்கு நூலொன்றும் எழுதினான். உலகை ஆண்டவனுக்குத் தன் உச்சந்தலையை ஆள இயலவில்லை.

பிரான்சிலோ, அரசனின் குறையே நாட்டின் நாகரிகமாயிற்று. மயிர் உதிர்ந்த பதின்மூன்றாம் உலூயி பொய்முடி தரித்தான். அவன் மகன் பதினான்காம் உலூயியும் அதனைத் தரிக்கவே அரண்மனை முழுவதும் பின்பற்றியது. பின்னர் ஐரோப்பிய நீதிபதிகளும் வணிகரும் இசைவாணரும் பொய்முடியின்றி வெளிப்போதாராயினர். இங்கிலாந்திலே 1795ஆம் ஆண்டில், முடிக்குத் தூவும் மாப்பொடிக்கு ஆண்டொன்றுக்கு ஒரு கினி வீதம் வரி விதிக்கப்பட்டது. அவ்வழக்கம் அங்கு அருகியதற்கு அவ்வரியும் ஒரு காரணம்.

இவற்றுக்கெல்லாம் மாறாக நின்றவர் ஒருவரும் உளர். வட ஆபிரிக்காவிலே சிரேனே நகரிற் பிறந்து, கி. பி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கிறித்தவ ஆயராய் விளங்கிய சினேசியுஸ் என்பவர், தாமே வழுக்கையர். தியோன் என்னும் நாவலர் முற்காலத்தில் மயிரைப் புகழ்ந்து எழுதியிருந்த உரைக்கு எதிராக அவர் வழுக்கையைப் புகழ்ந்து ஒரு நூல் செய்தார். விண்ணிற் சுடர்விடும் கோள்கள் யாவும் வழுவழுப்பான உருண்டைகளே, ஆதலின் தெய்வ வடிவுக்கு அணித்தாயிருப்பது வழுக்கைத் தலையே என்பது அவர் வாதங்களுள் ஒன்று. தியோனின் மயிர்ப்புகழ் உரையை இன்று நாம் அறிவதும் சினேசியுஸ் தம் மறுப்பிலே அதனை எடுத்துக் காட்டியதனாலேதான். மயிரின் புகழை வழுக்கையரே காத்து வைத்தார் என்க.

உதிர்வதும் மெலிவதும்

இனி விஞ்ஞானம் கூறுவதைக் கேட்போம். மனிதர் தலையில் ஏறத்தாழ 100,000 மயிர்கள் உள. ஒவ்வொன்றும் தனக்கென அமைந்த மயிர்ப்புடைப்பிலிருந்து திங்களுக்கு ஏறத்தாழ ஒரு சதமமீற்றர் வளரும். இவ்வளர்பருவம் 2 முதல் 6 ஆண்டு வரை நீடிக்கும். அதன்பின் சில வாரம் ஒடுங்கி, மூன்று திங்கள் அளவில் ஓய்ந்து, மயிர் உதிரும். அவ்விடத்திற் புதுமயிர் எழும். ஒரு வேளையிற் பத்தில் ஒன்பது பங்கு மயிர் வளர்ந்துகொண்டும் எஞ்சியது ஓய்ந்துகொண்டும் இருக்கும். ஆகவே, நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை மயிர் உதிர்வது இயற்கையே. தோட்டத்து மரங்கள் யாவும் ஒரே நாளில் இலையுதிர்ப்பதில்லை. ஒன்று உதிர்க்க ஒன்று தளிர்க்கும். தலையின் ஒழுங்கும் அத்தகையது.

ஈண்டு இரு செய்திகளைப் பிரித்தறிதல் இன்றியமையாதது. உதிர்தல் வேறு; மெலிதல் வேறு. உதிர்ந்த மயிரின் இடத்தில் அதே பருமனுள்ள மயிர் எழுமாயின் இழப்பொன்றும் இல்லை. ஆடவர் வழுக்கையிலும் மகளிர்க்கு நடுத்தலையில் நேரும் அருகலிலும் நிகழ்வது வேறொன்று. புடைப்பு ஒவ்வொரு சுற்றிலும் சிறுத்துக்கொண்டே போக, எழும் மயிர் முன்னையதிலும் குட்டையாயும் மெல்லியதாயும் அமைகின்றது. கணிதம் பயிலும் மாணவர் இதனை எளிதில் உணர்வர். மயிரொன்றின் விட்டம் அரைவாசியாகக் குறைந்தால் அதன் குறுக்குவெட்டுப் பரப்புக் கால்வாசியாகும். எண்ணிக்கை குறையாமலே கூந்தலின் திரட்சி நான்கிலொன்றாகிவிடலாம். ‘சீப்பில் ஒன்றும் வரவில்லை, ஆயினும் பின்னல் மெலிந்துவிட்டது’ என்று பெண்கள் கூறுவதன் பொருள் இதுவே.

இவ்வகை மெலிவுக்கு மரபுவழியும் ஆண் ஓமோனும் காரணம். விதையகற்றப்பட்டோர் வழுக்கையுறுவதில்லை என்பதைக் கிரேக்க நாட்டு இப்போக்கிரத்தீசின் பெயரால் வழங்கும் நூலே கூறியுள்ளது. இருபது நூற்றாண்டுகட்கு மேற் சென்றபின், 1942இல் அமெரிக்க உடற்கூற்றறிஞர் யேம்ஸ் ஹமில்ற்றன் அதனை ஆய்ந்து நிறுவினார். தெசுத்தொசுத்தரோன் என்னும் ஓமோனை ஒரு நொதியம் வேறொரு வலிய வடிவமாக மாற்ற, அது மரபினால் இளகிய புடைப்புக்களைச் சிறுக்கச் செய்கின்றது. ஆடவர்க்கு நெற்றியோரமும் உச்சியும் வெளிக்கும். மகளிர்க்கோ நெற்றிக்கரை பெரும்பாலும் நிலைத்திருக்க, வகிடு மட்டும் மெல்ல அகலும். பெண்களின் இந்நிலை வெளியே பேசப்படாமையால் அரிதென்று பலர் எண்ணுகின்றனர், அஃது அரிதன்று.

உடல் தரும் அறிவித்தல்

மீளக்கூடிய உதிர்வும் உண்டு. கடுங்காய்ச்சல், மகப்பேறு, அறுவை மருத்துவம், திடீரென உணவைச் சுருக்குதல் ஆகியவற்றின் பின், இரண்டு மூன்று திங்கள் கழித்து மயிர் கொத்துக் கொத்தாக உதிரும். நெருப்புக் காய்ச்சல் கண்டோர்க்கு முற்காலத்தில் நேர்ந்ததும், டெங்கு, கொவிட் கண்டோர்க்கு அண்மையில் நேர்ந்ததும் இதுவே. உடல் இடுக்கணுற்ற வேளையில் வளர்ந்துகொண்டிருந்த மயிர்களுட் பல ஒருங்கே ஓய்வுக்குச் சென்றுவிடுகின்றன; ஓய்வு முடிய ஒருங்கே உதிர்கின்றன. காரணத்துக்கும் காரியத்துக்கும் இடையே மூன்று திங்கள் இருத்தலால், காய்ச்சலை மறந்து, முந்தின கிழமை மாற்றிய சவர்க்காரத்தைக் குறைகூறுவர். இவ்வுதிர்வு பெரும்பாலும் ஆறு திங்களில் அடங்கி மயிர் மீளும். குழந்தையைப் பெற்று மூன்றாந் திங்களில் மயிர் கொட்டக் கண்டு கலங்கும் இளந்தாய்க்கு இவ்வொரு செய்தியைச் சொல்வது எந்தத் தைலத்தினும் மேலான உதவி.

உதிர்வு நீடிக்குமாயின் அது வேறு செய்தியை அறிவிக்கலாம். குருதியில் இரும்புச்சத்துக் குறைவதும், தைரொயிட் சுரப்பி பிழைப்பதும் மயிரிலே வெளிப்படும். மாதந்தோறும் மிகுந்த குருதி இழக்கும் பெண்ணொருத்தி தன் களைப்பைப் பொருட்படுத்தாதிருப்பாள். கூந்தல் மெலிவதைக் கண்டே மருத்துவரை நாடுவாள். ஒரு குருதிச் சோதனை அங்கே தைலப் போத்தல் பத்தினும் பயனுடையது.

நாணயம் போல வட்டமாக மயிர் நீங்குவதை நம்மவர் புழுவெட்டு என்பர். அங்கே புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. நோயெதிர்க்கும் ஆற்றல் திசைமாறித் தன் உடலின் புடைப்புக்களையே தாக்குவதால் நேர்வது அது. புழுவைக் கொல்வதாக எண்ணிக் காரப் பொருள்களைத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்குவோர் உளர், அது தவிர்க்கத்தக்கது. தோல் சிவந்து, எரிந்து, பின் தழும்பேறி மினுங்குமாயின் காலந்தாழ்த்தலாகாது. தழும்பிலே புதைந்த புடைப்பு மீண்டும் முளைப்பதில்லை.

பின்னலின் இறுக்கம்

ஆசிரியர்களும் தாய்மாரும் கருத வேண்டிய ஒன்று உண்டு. மயிரை இடையறாது இழுத்துக் கட்டுவதால் நெற்றியோரத்திலும் காதின் மேலும் மயிர் நீங்கும். இதனை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கிறீன்லாந்துப் பெண்டிரிடம் கண்டு மருத்துவர் எழுதினர். அவர் மயிரை உச்சியில் இறுக முடிவது வழக்கமாயிருந்தது. நம் பாடசாலைகளில் இரட்டைப் பின்னல் அழகிய ஒழுங்கு, அதற்கு மறுப்பில்லை. ஆனால், புருவம் மேலேறும்படி இழுத்துப் பின்னுவது ஒழுங்குக்கு வேண்டியதன்று. பின்னி முடித்தபின் நெற்றியோரம் நோவுமாயின், சிறு பருக்கள் எழுமாயின், அது மிகையான இறுக்கம் என்று கொள்க. தொடக்கத்தில் தளர்த்தினால் மயிர் மீளும். பல்லாண்டு தொடர்ந்தால் மீளாது. நடன அரங்குக்காகக் கனத்த சவரியைச் சேர்த்துப் பின்னும் சிறுமியர்க்கும் இது பொருந்தும்.

மருந்தின் எல்லை

மருந்துகளின் வரலாறு சுவையானது. மினொக்சிடில் என்பது முதலிற் குருதியழுத்தத்துக்கு வழங்கப்பட்ட குளிசை. அதனை உண்டோர்க்கு வேண்டாத இடமெல்லாம் மயிர் வளரவே, பக்கவிளைவே பயனாக்கப்பட்டது. 1988இல் தலையிற் பூசும் மருந்தாக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பினாஸ்ரறைட் என்பதன் பின்னே வேறொரு கதையுண்டு. தொமினிக்கன் குடியரசின் சிற்றூர் ஒன்றில், முன்னர்க் கூறிய நொதியம் பிறப்பிலேயே குறைந்த ஆடவர் சிலர் இருப்பதை 1974இல் அறிஞர் எழுதினர். அவர்க்கு வழுக்கை நேரவில்லை என்பது அந்நொதியத்தைத் தடுக்கும் மருந்துக்கு வழிகாட்டியது. அம்மருந்து 1997இல் ஆடவர் வழுக்கைக்கு ஒப்புதல் பெற்றது. சிலருக்கு அதனாற் பக்கவிளைவுகள் உண்டாதலின் மருத்துவர் மேற்பார்வை வேண்டும். கருவுற்ற பெண்கள் அதனைக் கையாளலாகாது. இரு மருந்துக்கும் பொதுவான இயல்பு ஒன்றுண்டு: பயன் தெரியத் திங்கள் பல செல்லும், நிறுத்தினால் பெற்றது நீங்கும். ஒரு மாதத்தில் அடர்முடி தருவோம் என்போர் மயிரின் வளர்ச்சி வேகத்தையே அறியாதவர் அல்லது அறிந்தும் மறைப்பவர்.

நாற்றுநடுகையும் உண்டு. பிடரியிலிருந்து எடுத்த மயிர் எங்கு நடப்பட்டாலும் தன் பிறப்பிடத்து இயல்பைக் காக்கும் என்பதை நியூயோர்க் மருத்துவர் நோமன் ஒறன்றைக் 1959இல் வெளியிட்டார். இன்றைய மயிர்நடுகை முழுவதும் இவ்வொரு கண்டுபிடிப்பின் மேல் நிற்கின்றது. புலம்பெயர்ந்தும் பிறந்த மண்ணின் பண்பை விடாத மக்களை இம்மயிர் நினைவூட்டும்.

நம் எண்ணெய்களின் நிலை யாது? தேங்காயெண்ணெய் மயிரிழைக்குள் ஊறி, கழுவும்போது புரதம் இழக்கப்படுவதைக் குறைக்கின்றது என்பதை 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. சூரியகாந்தி எண்ணெய்க்கு அப்பண்பு இல்லை. நம் பாட்டிமார் வழக்கம் பொய்யன்று. ஆயின், எண்ணெய் காப்பது முளைத்த மயிரை. முளைக்க வேண்டிய புடைப்பை அன்று. கையாந்தகரையும் நெல்லியும் செவ்வரத்தையும் சேர்ந்த தைலங்கள் தலைக்கு இதமளிக்கலாம். மெலிந்த புடைப்பை மீட்கும் என்பதற்கு மேற்சொன்ன மருந்துகட்கு உள்ளதைப்போலப் பெருஞ்சான்று இல்லை. மொட்டையடித்தால் மயிர் தடித்து வளரும் என்பதும் பிழை. 1928இலேயே மில்றெட் துறொற்றர் என்னும் அமெரிக்க அறிஞர் இதனைச் சோதித்து மறுத்தார். இயற்கை நுனி கூர்மையானது, வெட்டிய நுனி மொட்டையானது. ஆதலின் தடவும் கைக்குத் தடிப்புப்போலத் தோன்றுகின்றது. அவ்வளவே.

உள்ளதைக் கொண்டு நிறைவு காட்டல்

இனிச் செயலுக்கு வருவோம். மயிர் அருகியதாகத் தோன்றுவது பெரும்பாலும் தோல் தெரிவதனாலே. ஆகவே, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாதிருத்தலே முதல் விதி. எண்ணெய் வழியத் தேய்த்து அழுந்த வாரினால் மயிர் கற்றை கற்றையாகச் சேர்ந்து, இடையிடையே தோல் வெளிக்கும். எண்ணெயை முழுக்குக்கு முன்னர்த் தேய்த்து, சீயக்காயோ சம்புவோ கொண்டு நன்கு கழுவிவிடுக. ஈர மயிர் எளிதில் அறுமாதலின் துவாயால் உரசாது ஒற்றி, அகன்ற பற்சீப்பால் வாருக. தலையைக் கவிழ்த்து உலர்த்தினால் மயிரின் அடி நிமிர்ந்து நிற்கும்.

இரண்டாவது, வகிட்டை மாற்றுதல். பல்லாண்டாக ஒரே கோட்டில் எடுத்த வகிட்டை ஒருபுறம் தள்ளினாலே எதிர்த்திசையில் மயிர் மடிந்தெழுந்து திரட்சி காட்டும். நேர்கோட்டை விட வளைகோடு தோலை மறைக்கும்.

மூன்றாவது, நீளத்தைக் குறைத்தல். நீண்ட மயிர் தன் பாரத்தாலேயே தலையோடு படியும், நுனியோ எலிவாலாகும். தோளளவில் நுனியை ஒரே மட்டமாக வெட்டினால் அதே மயிர் இருமடங்காகத் தோன்றும். நீளத்தையே கூந்தலின் பெருமையாகக் கொண்ட நம் பெண்களுக்கு இது கடினமான அறிவுரை என்பதை அறிவோம். எனினும் பயன் கைகண்டது.

நான்காவது, நிறம். கருமயிருக்கும் வெளிறிய தோலுக்கும் உள்ள வேறுபாட்டைக் குறைத்தால் கண் ஏமாறும். தோலிற் பூசும் நிறப்பொடியும், மயிரோடு ஒட்டும் நுண்ணிய கெரற்றின் துகளும் இதற்காகவே விற்கப்படுகின்றன. மருதோன்றியின் சாயம் கெரற்றினோடு பிணைந்து இழைக்குச் சிறிது உடல் கொடுக்கும். ‘கறுப்பு மருதோன்றி’ என்ற பெயரால் வருவனவற்றுள் கடும் ஒவ்வாமை விளைக்கும் சாயம் கலந்தனவும் உண்டு. சிறிது தோலிற் பூசிப் பார்த்தே கொள்க. சவரி வைத்து முடிதலும் பழைய நல்வழியே. கனமில்லாததாய், தளர வைப்பதாய் இருத்தல் வேண்டும்.

ஆடவர்க்குச் சொல்லத்தக்கது ஒன்றே: குட்டையாக வெட்டுக. ஒருபுறத்து மயிரை நீள வளர்த்து மறுபுறம் வாரி மறைக்கும் வழக்கம் சீசர் காலத்தது. அமெரிக்காவில் புளோரிடாவைச் சேர்ந்த தந்தையும் மகனும், மூன்று திசையிலிருந்து மயிரை வாரி மடித்து மறைக்கும் முறைக்கு 1977இல் ஆக்கவுரிமைப் பத்திரமே பெற்றனர். 2004இல் அதற்கு நகைச்சுவை நோபல் எனப்படும் பரிசும் கிடைத்தது. எந்த ஆக்கவுரிமையும் காற்றைத் தடுக்காது. பக்கமயிரைக் குறைத்தால் உச்சியின் வெளிப்பு எடுப்பாகத் தோன்றாது என்பதே எளிய உண்மை.

இவ்வாறு நிறைவு காட்டுவது பொய்மையாகாதோ என்று சிலர் வினவக்கூடும். ஆடை நெய்வதும் மலர் சூடுவதும் பொய்மையாயின் இதுவும் ஆகும். தன் தோற்றத்தைச் சிறிது சீராக்கிக்கொண்டு மனவமைதியோடு வகுப்பறைக்குள் நுழையும் ஆசிரியை எவரையும் வஞ்சிக்கவில்லை. புற்றுநோய் மருந்தால் மயிரிழந்து பொய்முடியோடு திருமணவீட்டுக்கு வரும் பெண்ணும் வஞ்சிக்கவில்லை. அவள் பிறருடைய இரக்கப் பார்வையினின்றும் ஒரு மாலைப்பொழுது விடுதலை பெறுகின்றாள். வஞ்சிப்போர் வேறு. நாணத்தை வளர்த்து அந்நாணத்தையே விலைப்படுத்துவோரே அவர். அவர்க்குத் துணைசெய்வது நம்முடைய நகைப்பு. வகுப்பறையில் ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளையின் தலையைச் சுட்டிச் சிரிக்கும்போது ஆசிரியர் வாளாவிருப்பாராயின், அச்சிரிப்பின் விலையை அப்பிள்ளை நெடுங்காலம் செலுத்தும்.

மானத்தை இழந்து தம் நிலையினின்றும் தாழ்ந்தாரைத் தலையினின்றும் வீழ்ந்த மயிருக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். அவ்வுவமையை ஒருமுறை ஆழ்ந்து நோக்குக. தலையினின்றும் வீழ்ந்த மயிருக்கே அவர் இழிவு கூறினார். மயிர் நீங்கிய தலைக்கு அவர் இழிவு கூறினாரல்லர்.